உறிஞ்சலும் உள்வாங்கலும்: ‘அப்சார்ப்’ என்னும் ஆங்கில வினையின் தமிழாக்கங்கள் – தா.பழூர் வட்டாரச் சொல்வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

‘அப்சார்ப்’ என்னும் ஆங்கில வினைக்கு இன்றைய தமிழ்த் திறனாய்வு உரைநடை பெரும்பாலும் ‘உள்வாங்கு’ என்னும் ஒரு சொல்லையே ஆள்கிறது. அறிவியல் பாடநூல்கள் அதே வினையைத் துறைக்கேற்ப வேறுபடுத்திப் பெயர்த்துள்ளன. உழவும் அடுக்களையும் சார்ந்த மக்கள் வழக்கோ இன்னும் நுட்பமாக வேறுபடுத்துகிறது. செயலைச் செய்தவர் யார், உட்சென்ற பொருள் என்ன ஆயிற்று, ஏற்ற பொருள் மாறியதா என்னும் மூன்று வினாக்களுக்கும் ‘உள்வாங்கு’ விடை தராமல் நின்றுவிடுகிறது என்பதையும், அதனால் பண்பாட்டு ஆய்வில் நேரும் இழப்பையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: உறிஞ்சு, உள்வாங்கு, சுவறு, ஊறு, கலைச்சொல்லாக்கம், வட்டார வழக்கு, தேம்பாவணி, சதுரகராதி

முன்னுரை

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்த தா.பழூர் ஒன்றியத்தின் தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. கட்டுரையாளர் பிறந்து வளர்ந்த பகுதி இது. தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலை வீட்டில் உரக்கப் படித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது, ‘நாட்டார் வழிபாட்டைப் பெருஞ்சமயம் உள்வாங்கியது’ என்னும் தொடரைக் கேட்ட தாயார், “உள்ள வாங்குனா அப்புறம் எங்க போச்சு?” என்று வினவினார். அவர் அறிந்த வழக்கில் உள்வாங்குவது கடல். மழைக்காலத்தில் உள்வாங்குவது கிணற்றுச் சுவர். அடித்தளம் சரியில்லாத வீட்டில் உள்வாங்குவது தரை. இவை அனைத்திலும் ஒன்று இருந்த இடத்தை விட்டுப் பின்செல்கிறது, அல்லது அமிழ்கிறது. ஒன்று மற்றொன்றைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது என்னும் பொருள் அவருக்கு எட்டவில்லை.

அவ்வினா அறியாமையால் எழுந்ததன்று. ஆய்வேட்டின் அந்த இயலில் பக்கந்தோறும் ‘உள்வாங்கு’ வந்திருந்தது. ஒவ்வோரிடத்திலும் ‘எங்கே போயிற்று?’ என்று கேட்டுப் பார்த்தபோது, பல இடங்களில் விடை கூற இயலவில்லை. அவ்விடங்களில் ஆய்வாளர் கண்டறிய வேண்டிய ஒன்றைச் சொல் மறைத்திருந்தது. இக்கட்டுரை அந்த அனுபவத்திலிருந்து தொடங்குகிறது.

ஆங்கில வினையின் பொருட்பரப்பு

‘அப்சார்ப்’ இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். அதன் பகுதியாகிய ‘சோர்பேரே’ உறிஞ்சுதல், உறிஞ்சிக் குடித்தல் எனப் பொருள்படும். ஆகவே வாயால் நீர்மத்தை உள்ளிழுத்தலே இதன் மூலப் படிமம் எனலாம். ஆங்கிலத்தில் அப்படிமம் பெரிதும் விரிந்தது. பஞ்சு நீரை உறிஞ்சுவது, கறுப்பு நிறம் ஒளியை ஏற்பது, வண்டியின் வில்சுருள் அதிர்ச்சியைத் தாங்குவது, வணிகர் விலையேற்றத்தைத் தாமே சுமப்பது, பெரிய நிறுவனம் சிறியதைத் தன்னோடு இணைத்துக்கொள்வது, மாணவர் பாடத்தை மனத்தில் ஏற்பது, நூல் ஒன்று வாசகரை ஆட்கொள்வது ஆகிய எல்லாவற்றுக்கும் அவ்வொரு வினையே போதுமானதாகிறது.

இப்பொருள்களை ஒன்றிணைப்பது, வெளியே இருந்த ஒன்று உள்ளே சென்று வெளியில் காணப்படாமற்போதல் என்னும் பொதுக்கூறே. உள்ளே சென்றபின் அது என்ன ஆயிற்று என்பதை ஆங்கில வினை கேட்பதில்லை. பஞ்சைப் பிழிந்தால் நீர் நீராகவே திரும்பி வரும். குடல் ஏற்ற சத்து அவ்வாறு திரும்பி வராது, அது உடலாகிவிடும். இவ்விரண்டையும் ஒரே வினை சுட்டுகிறது. ஆங்கில வாசகர் சூழலைக்கொண்டு வேறுபாட்டை உணர்ந்துகொள்வார். மொழிபெயர்ப்பாளருக்கோ அவ்வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்ட வேண்டிய தேவை எழுகிறது.

பாடநூல் தமிழ் காட்டும் வேறுபாடு

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் இத்தேவையை உணர்ந்தே செயற்பட்டுள்ளன. வேர் நீரைப் பெறுவது ‘உறிஞ்சுதல்’ எனப்படுகிறது. உலர்ந்த விதை நீரேற்றுப் பருப்பது, ஆங்கிலத்தில் ‘இம்பைப்’ என்னும் வினையோடு தொடர்புடைய செயல். அது ‘உள்ளீர்த்தல்’ ஆகிறது. செரித்த உணவின் சத்தைக் குடல் ஏற்பது ‘உட்கிரகித்தல்’. அச்சத்து உடலின் பகுதியாவது ‘தன்மயமாதல்’. ஒளியைப் பொருள் ஏற்பது ‘உட்கவர்தல்’. அதனால் தோன்றும் நிறமாலை ‘உட்கவர் நிறமாலை’. வளிமமோ கரைபொருளோ ஒரு திண்மத்தின் உள்ளே புகாமல் மேற்பரப்பில் மட்டும் ஒட்டி நிற்பது ‘பரப்புக் கவர்தல்’. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘அகத்துறிஞ்சல்’ என்னும் சொல்லால் செயல் நிகழும் இடத்தைச் சொல்லின் முன்பகுதியிலேயே காட்டிவிடுகின்றன.

இச்சொற்கள் அனைத்தும் சம அளவில் இனியவை அல்ல. ‘உட்கிரகித்தல்’ தமிழ் முன்னொட்டையும் வடசொற் பகுதியையும் இணைத்தது. ‘பரப்புக் கவர்தல்’ முதன்முறை கேட்போருக்கு விளக்கமின்றி விளங்காது. ஆயினும் உள்ளே புகுதலும் மேலே ஒட்டுதலும் வேறு, உட்புகுதலும் உடலாதலும் வேறு என்னும் தெளிவை அவை மாணவருக்குத் தருகின்றன. பதினேழு வயது மாணவர் வேதியியல் தேர்வில் இவற்றை மாற்றி எழுதினால் மதிப்பெண் இழப்பார். அதே மாணவர் பின்னர்த் தமிழிலக்கிய ஆய்வுக்கு வந்தால், அனைத்தையும் ‘உள்வாங்கியது’ என எழுதி எவ்விழப்பும் இன்றிப் பட்டம் பெற இயலும்.

வட்டார வழக்கு காட்டும் வேறுபாடு

கலைச்சொல்லாக்கக் குழுக்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உழவர் வழக்கு இப்பொருட்பரப்பைப் பகுத்து வைத்துள்ளது. தா.பழூர்ப் பகுதியில் கட்டுரையாளர் கேட்டுப் பழகிய சொற்கள் கீழே விளக்கப்படுகின்றன. இவை இவ்வட்டாரத்துக்கே உரியவை அல்ல. தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்குபவையே. கொள்ளிடத்தை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் நீர் தங்காமையும் வாய்க்கால் நீரின் அருமையும் இச்சொற்களை இங்கு நாள்தோறும் தேவையாக்கியுள்ளன.

மணலில் பாய்ச்சிய நீர் மறைந்தால் ‘தண்ணி சுவறிப்போச்சு’ என்பர். சுவறு தன்வினை, அதன் எழுவாய் நீரே. ‘சுவற்று’ என்னும் பிறவினை இருந்தும் பேச்சில் அது அரிது. நீர் மறைந்ததற்கு மண்ணைப் பொறுப்பாக்க வேண்டிய இடத்தில் ‘மண்ணு குடிச்சிருச்சு’ என்பர். ‘குடி’ என்னும் வினையில் குறை கூறும் தொனி உண்டு. அடுக்களையில் கத்தரிக்காய் எண்ணெய் ‘குடிக்கும்’ என்பதிலும் அளவுக்கு மீறிப் பெற்றது என்னும் குறிப்பே உள்ளது. பழைய அரிசி தண்ணீர் ‘வாங்கும்’ என்பதில் அக்குறை இல்லை. அங்கே உலைநீரின் அளவே பொருள். விளக்குத் திரி எண்ணெயை ‘இழுக்கும்’. துணியில் சாயம் ‘ஏறும்’. நன்கு நின்றுவிட்டால் துணி சாயம் ‘பிடித்தது’ என்பர். ‘ஏறு’ என்பதற்குச் சாயம் எழுவாய். ‘பிடி’ என்பதற்குத் துணி எழுவாய். ஒரே நிகழ்ச்சியின் தொடக்கமும் முடிவும் எழுவாய் மாற்றத்தால் வேறுபடுகின்றன.

இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது ‘ஊறு’. விதைநெல்லை நீரில் ஊறவைத்துப் பின் முளைகட்டுவர். ஊறுதல் என்பதில் காலம் உண்டு. ஏற்ற பொருள் மென்மையாகி, பருத்து, வேறொன்றாவதற்கு அணியமாகும் மாற்றமும் உண்டு. அதே வினை கிணற்றில் நீர் சுரப்பதையும் குறிக்கும். நீர் உட்புகுவதும் உள்ளிருந்து வெளிவருவதும் ஒரு சொல்லில் அடங்குகின்றன. ஏற்றது மீண்டும் சுரக்கும் என்னும் கருத்து அவ்வினைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மரபில் ‘ஊறியவர்’ என்று புலவரைக் கூறும்போது இப்பொருள் முழுதும் தொழிற்படுகிறது. ‘மரபை உள்வாங்கியவர்’ என்னும் தொடரில் அது இல்லை.

இவ்வழக்குகளைத் தொகுத்து நோக்கினால், மக்கள் மொழி மூன்று வினாக்களை இடைவிடாது கேட்பதை அறியலாம். செய்தது யார்? உட்சென்றது மறைந்ததா, நிலைத்ததா? ஏற்றது மாறியதா? சுவறு முதல் வினாவுக்கு ‘நீர்’ எனவும், இரண்டாவதற்கு ‘மறைந்தது’ எனவும் விடை தருகிறது. பிடி, ‘நிலைத்தது’ என்கிறது. ஊறு, ‘ஏற்றது மாறியது’ என்கிறது.

வாசகரும் நூலும்: திசை மாற்றம்

ஆங்கிலத்தில் நூல் வாசகரை உறிஞ்சுகிறது, வாசகர் செயப்படுபொருளாகிறார். தமிழில் வாசகர் நூலில் மூழ்குகிறார், ஆழ்கிறார், தோய்கிறார், ஒன்றுகிறார், ஈடுபடுகிறார். இங்கே செயல் வாசகருடையது; நூல் அவர் சென்று சேரும் இடம். ‘இந்நாவல் வாசகரை உள்வாங்குகிறது’ என்று அண்மைக்கால மதிப்புரைகளில் காணப்படும் தொடர் ஆங்கிலத் தொடரமைப்பைத் தமிழ்ச் சொற்களால் எழுதியதே ஆகும்.

மற்றொருவரைத் தன்வயப்படுத்தும் செயலுக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ‘ஆட்கொள்’ என்னும் வினை பக்தி மரபில் ஆழ வேரூன்றியது; பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாற்றைக் கூறும் பகுதி ‘தடுத்தாட்கொண்ட புராணம்’ என்றே பெயர்பெற்றது. ஆட்கொள்ளப்பட்டவர் அழிந்துபோவதில்லை, ஆளாக, அடியாராக நிற்கிறார். இறைவனோடு கலந்த உயிரின் நிலையை விளக்கச் சைவ சித்தாந்தம் ‘தாடலை’ என்னும் சொல்லை உவமையாகக் கொண்டது. தாள், தலை என்னும் இரு சொற்களும் புணர்ந்து ஒரு சொல்லாயின. எனினும் பிரித்தறிய வல்லார்க்கு இரண்டும் உண்டு. உட்சென்றது எஞ்சுமா என்னும் வினா தமிழ்ச் சிந்தனையில் எவ்வளவு கூர்மையாக எண்ணப்பட்டது என்பதற்கு இது சான்று.

‘உள்வாங்கு’: பொருள் பெயர்ந்த வகை

வாங்குதல் என்பதற்கு வளைத்தல், இழுத்தல் என்னும் பழம்பொருள்கள் உண்டு. ‘பின்வாங்கு’ என்பதில் இழுத்தற்பொருள் இன்றும் உள்ளது. அவ்வழியே ‘உள்வாங்கு’ என்பதும் தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளுதல் எனப் பொருள்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது கடல் உள்வாங்கிய செய்தி தமிழர் அனைவர் நினைவிலும் பதிந்தது. அவ்வழக்கில் வினைக்குச் செயப்படுபொருள் இல்லை. திறனாய்வு வழக்கிலோ அது செயப்படுபொருளை ஏற்று, பிறிதொன்றைத் தன்னுள் இழுத்தல் எனப் பெயர்ந்துள்ளது. இலங்கையில் பணியாளரை நிரந்தர சேவையில் சேர்ப்பதற்கும் இச்சொல் வழங்குகிறது. தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் அவ்விடத்தில் ‘ஈர்த்துக்கொள்ளுதல்’ வருகிறது.

சொற்கள் பொருள் மாறுவது இயல்பு. ‘உள்வாங்கு’ இப்புதுப்பொருளில் வழக்கூன்றிவிட்டது. அதனைப் பிழையென்று விலக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வேறு சொற்கள் வர வேண்டிய இடங்களையெல்லாம் அது பிடித்துக்கொள்வதே இங்குச் சிக்கலாகிறது. இதனை இவ்வட்டாரத்தோடு தொடர்புடைய ஓர் இலக்கியத்தைக் கொண்டு விளக்கலாம்.

தேம்பாவணி: ஒரு சொல்லுக்குள் மறைந்த பல செயல்கள்

தா.பழூருக்கு மேற்கே, அதே கொள்ளிட வடகரைப் பகுதியில் உள்ள ஏலாக்குறிச்சி, இத்தாலி நாட்டவரான வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஊர். அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் கொண்ட காப்பியம். அதைப் பற்றிய எழுத்துகளில் இரு தொடர்களைக் காண்பது எளிது. ஒன்று, வீரமாமுனிவர் தமிழ்க் காப்பிய மரபை உள்வாங்கினார் என்பது. மற்றொன்று, தமிழ் மரபு கிறித்தவத்தை உள்வாங்கியது என்பது. இரண்டும் ஒரே நூலைப் பற்றியவை. இரண்டும் ஒரே வினையைக் கொண்டவை. முதல் தொடரில் ஏற்பவர் முனிவர். இரண்டாவதில் ஏற்பது மரபு. எதிர்த்திசையில் செல்லும் இவ்விரு கூற்றுகளும் முரண்படாமல் அருகருகே நிற்க முடிகிறதென்றால், அவ்வினை எதையும் உறுதிப்படக் கூறவில்லை என்பதே பொருள்.

நூலை நோக்கினால் செயல்கள் வேறுவேறாகத் தெரிகின்றன. நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தொடங்கும் அமைப்பில் அவர் காப்பிய மரபைப் பின்பற்றினார். யோசேப்பு ‘வளன்’ ஆனபோதும், திருமுழுக்கு யோவான் ‘கருணையன்’ ஆனபோதும் அவர் எபிரேயப் பெயர்களின் பொருளை நோக்கிப் பெயர்த்தார், ஒலியைத் தமிழ்ப்படுத்தவில்லை. கதையை அயலிலிருந்து கொணர்ந்தார். எகர, ஒகரக் குறில் நெடில் வரிவடிவங்களை வேறுபடுத்தியபோது தாம் ஏற்ற மொழியின் எழுத்தையே திருத்தினார். பின்பற்றல், பெயர்த்தல், கொணர்தல், திருத்தல் ஆகிய நான்கும் நான்கு வகைப் பண்பாட்டுச் செயல்கள். முதலாவதில் வந்தவர் மாறினார். இறுதியில் ஏற்ற மொழி மாறியது. ‘உள்வாங்கினார்’ என்று எழுதும் ஆய்வாளர் இந்நான்கையும் காணாமலே அடுத்த பத்திக்குச் சென்றுவிட முடிகிறது.

வாயிலில் நிற்கும் தெய்வம்

சமய ஆய்வில் இழப்பு இன்னும் பெரிது. நாட்டார் தெய்வம் பெருங்கோயிலோடு தொடர்புறும் முறைகள் பல. பெயர் மாறி, பலி நின்று, முழுவதும் புதிய தெய்வமாகிவிடுதல் ஒரு வகை, இது தன்மயமாதல். பெயரும் வழிபாடும் மாறாமல் அருகில் இருத்தல் வேறு வகை. இரண்டாவதற்கு மதுரையை அடுத்த அழகர்கோயில் தக்க சான்றாகும். தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ நூலில் அக்கோயிலுக்கும் சுற்றியுள்ள சமூகங்களுக்குமான உறவை விரிவாக ஆராய்ந்துள்ளார். அங்கே பதினெட்டாம்படிக் கருப்பர் வாயிற்கதவில் வழிபடப்படுகிறார். அவர் கருவறைக்குள் செல்லவில்லை. கோயிலை விட்டு நீங்கவும் இல்லை. வைணவம் கருப்பரை உள்வாங்கியது என்று எழுதினால் அவர் நிற்கும் இடமே தவறாகிவிடும். உள்ளே புகாமல் பரப்பில் நிலைத்தலைக் குறிக்க வேதியியல் மாணவர் கற்கும் ‘பரப்புக் கவர்தல்’ இங்குச் சமய ஆய்வாளர் எண்ணிப் பார்க்கத்தக்க கருத்தாகும்.

பிறமொழிச் சொற்களைப் பற்றிய ஆய்வுக்கும் இது பொருந்தும். ‘தமிழ் வடசொற்களை உள்வாங்கியது’ என்பது இன்று பழகிய தொடர். தொல்காப்பியர் எச்சவியலில் அவ்வாறு பொதுப்படக் கூறவில்லை. வடசொல் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி நிற்றலைச் சுட்டுகிறார். எது நீங்கியது, எதனோடு பொருந்தியது என்னும் இரண்டும் அங்கே உண்டு. ஆய்வாளருக்கு வேண்டிய துல்லியம் அத்தகையது.

அகராதியின் பங்கு

இருமொழி அகராதிகள் ஓர் ஆங்கிலச் சொல்லின் எதிரே தமிழ்ச் சொற்களைக் காற்புள்ளியிட்டு வரிசைப்படுத்துகின்றன. எச்சொல் எவ்விடத்துக்கு உரியது என்பது பயன்படுத்துவோரின் பொறுப்பாகிறது. அவசரத்தில் இருப்போர் எங்கும் பொருந்துவதுபோல் தோன்றும் ஒன்றை எடுத்துக்கொள்வர். ‘உள்வாங்கு’ பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

இதற்கு மாற்று நெறியும் ஏலாக்குறிச்சி முனிவரிடமே கிடைக்கிறது. 1732 இல் அவர் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டது. பெயரகராதி சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்கிறது. பொருளகராதி பொருளிலிருந்து அதற்குரிய சொற்களுக்குச் செல்கிறது. நிகண்டு மரபின் தொடர்ச்சியான இவ்விரண்டாம் நெறியில் ஏற்றல் பற்றிய தமிழ் வினைகளைத் தொகுத்து, மேற்கூறிய மூன்று வினாக்களின் அடிப்படையில் வகைப்படுத்தினால், மொழிபெயர்ப்பாளருக்கும் ஆய்வு மாணவருக்கும் பயன்படும் சொற்களஞ்சியம் ஒன்று உருவாகும். அத்தொகுப்பில் சுவறு, இஞ்சு, ஊறு, பிடி, குடி ஆகியவை உறிஞ்சு, உட்கவர், உள்ளீர் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் இடம்பெற வேண்டும். வயலில் வழங்கும் சொல்லுக்கும் வகுப்பறைச் சொல்லுக்கும் தனித்தனி அகராதி தேவையில்லை.

முடிவுரை

‘அப்சார்ப்’ என்னும் வினையின் பரப்பைத் தமிழ் ஒரு சொல்லால் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பாடநூல் தமிழ் துறை நோக்கியும், மக்கள் வழக்கு செய்வோர், விளைவு, மாற்றம் ஆகியவற்றை நோக்கியும் அதனைப் பகுத்துள்ளன. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் திறனாய்வு உரைநடையே இன்று சொல்வறுமை கொண்டுள்ளது. இவ்வறுமை நடையோடு நின்றுவிடுவதில்லை. வலியது எளியதைத் தன்னுள் அடக்கிக்கொண்ட வரலாறுகளில், எளியது எதை இழந்தது என்னும் வினாவையே எழாமற்செய்கிறது.

முன்னுரையில் குறித்த ஆய்வேட்டுத் தொடர் இப்போது மாற்றி எழுதப்பட்டுள்ளது. பெருஞ்சமயம் எத்தெய்வத்தின் பெயரை மாற்றியது, எப்பலியை நிறுத்தியது, எந்தப் பூசாரியை விலக்கியது, எதை வாயிலில் நிற்கவிட்டது எனத் தனித்தனி வினைகளால் அது நான்கு தொடர்களாக விரிந்தது. இரண்டு வினைகளுக்குச் சான்று போதாமையால் மீண்டும் களத்துக்குச் செல்ல நேர்ந்தது. ‘எங்கே போயிற்று?’ என்னும் தாயாரின் வினாவுக்கு விடை தேட வேண்டிய இடம் அக்களமே.